ஃபியூஸ் கட்டை யார் பையில்

ஒன்றுமே இணைக்காத இடத்தில் ஓர் எண் இருந்தது.

முத்துச்செல்வி முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். அது அவள் வழக்கம். கன்ட்ரோல் பேனலின் திறந்த கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அனலாக் இன்புட் மாட்யூலின் திருகுகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். முதல் சானலில் முதல் சைலோவின் வயர். இரண்டாவதில் இரண்டாவது சைலோ. நான்காவதில் நான்காவது. மூன்றாவது சானலில் வெறும் துளை. அங்கே வந்து சேர வேண்டிய வயர் பேனலுக்குக் கீழே பாம்புபோலச் சுருண்டு கிடந்தது. அதன் மறு முனையில் மாட்ட வேண்டிய, சைலோவுக்குள் சோளம் எவ்வளவு உயரம் என்று அளக்கும் சென்சாரை அட்டைப்பெட்டியிலிருந்து இன்னும் வெளியே எடுக்கவேயில்லை. ஆனாலும் திரையில், மூன்றாவது சைலோ என்று அவளே பெயர் எழுதி வைத்த கட்டத்தில், 1.7 மீட்டர் என்று காட்டியது.

ஓர் ஆள் உயரம்.

செக்கானூரணியைத் தாண்டி, பொட்டல் வெளியில் தனியாக நின்ற மாட்டுத் தீவன ஆலை அது. பேனல் அறையின் ஒற்றை ஜன்னல் வழியே மக்காச்சோளம் கொட்டி வைக்கும் நான்கு உயரமான இரும்புத் தொட்டிகளும் தெரிந்தன. அவற்றைத்தான் ஆலையில் சைலோ என்பார்கள். நாகமலையின் முதுகில் வெயில் சரிந்துகொண்டிருந்தது. தவிடு, புண்ணாக்கு, வெல்லப்பாகு எல்லாம் கலந்து புளித்த வாடை, சுடிதாருக்கு மேல் அவள் போட்டிருந்த வேலைச் சட்டைக்குள்ளும் தலைமுடிக்குள்ளும் ஏறியிருந்தது. எங்கோ ஒரு தகரம் காற்றில் மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தது. இதே நேரத்துக்கு மற்ற நாட்களில் அவள் வேலை முடித்து, மாட்டுத்தாவணிப் பக்கம் மாடியில் நடக்கும் மாலை வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

அந்த வகுப்பில் அனந்தபத்மநாபன் சார் முதல் நாளே சொன்னது நினைவுக்கு வந்தது. டிஜிட்டல் அவுட்புட் வாய்; ஓடு, நில் என்று இரண்டே சொல் பேசும். அனலாக் இன்புட் காது. எவ்வளவு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எதையும் இணைக்காமல் விட்ட காது சும்மா இருக்காது, பக்கத்து வயரின் மின்சாரத்தையெல்லாம் ஒட்டுக்கேட்டு ஏதாவது உளறும். அதன் இரண்டு திருகையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துக் கட்டிவிடு, அடங்கிவிடும்.

அவள் ஒரு துண்டு வயரை வெட்டி, இரு முனையும் சீவி, மூன்றாவது சானலில் முறுக்கினாள். எண் பூஜ்யமானது. மூச்சு விட்டாள்.

திருகை இன்னொரு முறை இறுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, எண் மறுபடி 1.7 என்று நின்றது.

"என்னத்தா, திரையையே மொறைச்சுக்கிட்டு இருக்க? கரன்ட் உன்கிட்ட கடன் வாங்கிருக்கா?"

சிவபாண்டி தோளில் கயிற்றுச் சுருளோடு உள்ளே வந்தார். அவளும் அவரும் ஒரே பேனல் கடையில் வேலை. ஆலைகளுக்கு அனுப்பும்போது இருவரையும் சேர்த்தே அனுப்புவார் முதலாளி. இரும்பு ஏறுவது, உள்ளே இறங்குவது எல்லாம் அவர். வயரும் புரோகிராமும் அவள்.

"மூணாவதுல எண்ணு வருதுண்ணே. ஒன்னுமே மாட்டல."

"நீ எதாச்சும் தப்பா மாட்டிருப்ப."

"அதத்தான் நானும் நினைக்கேன்."

"அடப்பாவி, நான் விளையாட்டுக்குச் சொன்னேன். நீ மாட்டி எது தப்பாயிருக்கு? ஒரு திருகை மூணு தடவ முறுக்குற ஆளு." அவர் சுவரில் இருந்த பழைய ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தார். மூன்றாவது சைலோவின் அடியில் சோளத்தை வெளியே தள்ளும் ஸ்க்ரூவுக்கான மோட்டார் அதிலிருந்துதான் ஓடும். திறந்தவர் சிரிப்பை நிறுத்தினார். "இங்க பாரு."

ஃபியூஸ் கட்டைகள் இருக்க வேண்டிய மூன்று பீங்கான் இருக்கைகளிலும் கட்டை இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு தடித்த செம்புக் கம்பியை வளைத்துச் செருகியிருந்தார்கள். மூன்றும் கருகியிருந்தன.

"கட்டை எங்கண்ணே?"

சிவபாண்டி ஜன்னல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மொக்கையன்னு ஒருத்தரு இங்க வேலை பாத்தாரு. எங்க ஊருக்கு அடுத்த ஊரு. மூணாவதுக்குள்ள அடைச்சுக்கிச்சுன்னு இறங்குனாரு. முறைப்படி கட்டைய உருவிப் பைல போட்டுக்கிட்டுத்தான் இறங்குனாரு. வெளிய லாரி நின்னுருக்கு. எவனோ இந்தக் கம்பிய வச்சு ஓட்டிட்டான்."

தகரம் தட்டுவது நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"ஆளைப் பொணமாத்தான் எடுத்தாக. பைல கட்டை இல்லையாம். போலீஸும் தேடிப் பாத்துச்சு, கிடைக்கல. கட்டைய எடுக்காம அவருதான் இறங்கிட்டாருன்னு எழுதி முடிச்சுட்டாக."

மின்வேலை பார்க்கும் எல்லோருக்கும் தெரிந்த முறை அது. மோட்டார் இருக்கும் தொட்டிக்குள் இறங்குகிறவன் ஃபியூஸ் கட்டையை உருவித் தன் பையிலேயே வைத்துக்கொள்வான். கூடப் பிறந்தவன் கேட்டாலும் கொடுக்க மாட்டான். வெளியே வந்து, தன் கையால் அவனே திரும்ப மாட்டுவான். அந்தக் கட்டைதான் அவன் உயிர்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஆலை மேனேஜர் ஹாலாஸ்யம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா, இன்னும் எம்புட்டு நேரம்? ரோட்டுல சோள லாரி வரிசையா நிக்குது. மத்த மூணும் ரொம்பியிருக்கு. மூணாவதத் திறந்துவிட்டாத்தான் இறக்க முடியும்."

"சென்சார் மாட்டணும் சார். அடியில பழைய தீவனம் கட்டியா ஒட்டியிருக்கு. அத உடைச்சாத்தான் அளவு சரியாக் காட்டும். அண்ணன் உள்ள இறங்கணும்."

"இறங்கட்டும். கயிறு பிடிக்க ஒரு லோடுமேனை அனுப்புறேன். வெரசா முடிங்க."

அவர் போனதும் சிவபாண்டி மூன்று செம்புக் கம்பிகளையும் ஒவ்வொன்றாக உருவி, சட்டைப் பையில் போட்டு, பொத்தானைப் போட்டார். பையை ஒரு தட்டுத் தட்டினார்.

"இது இனிமே என் சொத்து. நான் வந்து நானே வைப்பேன். மூணாவது அவுட்புட் வயர மாட்டிட்டியா?"

"இல்லண்ணே. நீங்க மேல வந்தப்புறம்தான் மாட்டுவேன்."

"கெட்டிக்காரி. உள்ள போன் எடுக்காது, கயிறுதான் பேச்சு. மூணு தடவ இழுத்தா மேல தூக்குன்னு அர்த்தம்." சென்சார் பெட்டியை இடுக்கிக்கொண்டு போனார்.

அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது சைலோவின் வெளி ஏணியில் அவர் உருவம் மெல்ல ஏறியது. வெயில் இரும்பின் மேல்பாதியில் மட்டும் சிவப்பாக மிச்சமிருந்தது. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

2.4.

எண் ஏறிக்கொண்டிருந்தது. சீராக ஏறவில்லை. கொஞ்சம் ஏறும், நிற்கும். கொஞ்சம் ஏறும், நிற்கும். அந்தத் தொட்டிக்குள் சோளம் எதுவும் விழவில்லை. அளக்க அங்கே சென்சாரும் இல்லை. அவள் முறுக்கிய துண்டு வயரோ அப்படியே இருந்தது. தொட்டுப் பார்த்தாள், இறுக்கமாகத்தான் இருந்தது. ஏதோ ஒரு வரியைப் புரோகிராமில் தப்பாக எழுதியிருக்கிறேன் என்று நினைத்தாள். வேறு சானலின் எண் இங்கே வருகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். வரி வரியாகச் சரிபார்த்தாள். தப்பில்லை. ஏறும், நிற்கும். ஏறும், நிற்கும். சைலோவின் உள்பக்கச் சுவரிலும் ஓர் ஏணி உண்டு என்பது அப்போதுதான் அவள் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஏற்றமும் ஒரு படி உயரம்.

எண் கடைசிவரை ஏறி நின்றது. தொட்டியின் வாய் உயரம்.

போன் அடித்தது. சிவபாண்டி.

"ஏத்தா, கயிறு பிடிக்க ஆளு வந்துருச்சு. நல்ல வேலைக்காரரு போல, நான் மூடியத் திறக்குறதுக்குள்ள வந்து நிக்காரு. நான் இறங்குறேன்."

"அண்ணே, கொஞ்சம் பொறுங்க. எண்ணு..."

"என்னது? காத்து அடிக்குது, கேக்கல. ஆங், கம்பிய அவருகிட்டக் கொடுத்துட்டேன். குனியும்போது பைலருந்து விழுந்துரும், ஸ்க்ரூவுல மாட்டிக்கிரும்னாரு. சரியாத்தான் சொன்னாரு."

"அண்ணே! யார்கிட்டயும் கொடுக்கக் கூடாதுல்ல!"

"இந்தா மேலயேதான நிக்காரு. பத்திரமா..."

குரல் இரும்புக்குள் போனதுபோல மங்கியது. பிறகு அறுந்தது.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். கேட்டுக்கு உள்ளே முதல் லாரி நின்றது. அதன் பக்கப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தான் தலையில் சிவப்புத் துண்டு கட்டிய லோடுமேன்.

"அண்ணே! சைலோவுக்கு உங்களத்தான அனுப்புனாக?"

அவன் நிமிர்ந்தான். "போகத்தான் கிளம்புனேன். லாரி வந்துருச்சுன்னு மேனேஜரு இங்க கூப்பிட்டுட்டாரு. ஏன், அங்க யாரும் இல்லையா?"

அவள் மூன்றாவது சைலோவின் உச்சியைப் பார்த்தாள். கம்பித் தடுப்பும் அதற்குப் பின்னால் மங்கும் வானமும் மட்டும் தெரிந்தன. யாரும் இல்லை.

பின்னால் ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பேனலில், டிஜிட்டல் அவுட்புட் மாட்யூலில், மூன்றாவது பச்சை விளக்கு எரிந்தது. ஓடு என்ற சொல். அந்த அவுட்புட்டில் வயரே இல்லை. அவள் மாட்டவில்லை. மாட்டவில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதிலேயே சந்தேகம் வந்து குனிந்து பார்த்தாள். வெறும் துளை. ஆனாலும் சுவரிலிருந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தம் இழுக்கத் தொடங்கும் உறுமல் கேட்டது.

பெட்டியைத் திறந்தாள்.

மூன்று இருக்கைகளும் காலியாக இல்லை. மூன்றிலும் பழைய வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் இருந்தன. அவற்றின் பள்ளங்களில் தவிடு ஈரமாக அப்பியிருந்தது. ஒன்றின் மேல் பெருவிரல் அழுந்திய தடம்.

டக்கென்று காந்தம் பிடித்தது. சுவருக்கு அந்தப் பக்கம், சைலோவின் அடியில், ஸ்க்ரூ அரைச் சுற்றுச் சுற்றும் முனகல்.

அவள் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் முதலில் மெயினை அணைத்திருப்பாள், ரப்பர் கையுறையைத் தேடியிருப்பாள். வெறுங்கையால் கட்டையைப் பிடித்து இழுத்தாள். நீலப் பொறி தெறித்தது. இரண்டாவது. முழங்கைவரை மின்சாரம் வெட்டி இழுத்தது. மூன்றாவது. ஸ்க்ரூ நின்றது. மூன்றையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினாள். பனிக்கட்டிபோல நெஞ்சில் குளிர்ந்தன.

"என்னம்மா பண்ற?" ஹாலாஸ்யம் வாசலில் நின்றார். "ஓடுன மோட்டாரை எதுக்கு நிறுத்துற? கட்டைய வை."

"ஆளு உள்ள இருக்காரு சார்."

"அவன் வெளிய வந்துட்டான். கயிறு பிடிச்சவனே இப்ப வந்து சொல்லிட்டுப் போனான்."

"யாரு?"

"யாருன்னு நான் என்ன கண்டேன்? உடம்பெல்லாம் தவிடு. மூஞ்சியே தெரியல." அதைச் சொல்லும்போதே அவர் குரல் தேய்ந்தது. உடனே அதை மறைக்கக் கத்தினார். "லாரி நிக்குதும்மா! கட்டைய வைன்னு சொல்றேன். இல்ல, உங்க முதலாளிக்குப் போன் போடவா?"

இருபத்திரண்டு வயதில் அவள் எந்தப் பெரியவரையும் எதிர்த்துப் பேசியதில்லை. வகுப்பில் விடை தெரிந்தாலும் கை தூக்க மாட்டாள்.

"போடுங்க சார். போலீஸுக்கும் சேத்துப் போடுங்க. இதே மாதிரி லாரி நின்னுச்சுன்னுதான் அன்னைக்கும் கம்பிய வச்சீக. இது என் பைல இருக்கு. என்னை அடிச்சுப் போட்டுத்தான் எடுக்கணும்."

அவள் கையை ஓங்கி மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். ஆலை முழுவதும் ஒரு பெருமூச்சோடு அடங்கியது. விசிறிகள் நின்றன. பேனலின் விளக்குகள் எல்லாம் செத்தன. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஒளிர்ந்தது. எண்ணைச் சொல்ல அங்கே எதுவும் உயிரோடு இல்லை.

ஆனாலும் எண் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கும், நிற்கும். இறங்கும், நிற்கும்.

மேலே வந்தது, திரும்ப உள்ளே போகிறது. சிவபாண்டி இருக்கும் இடத்துக்கு.

ஓடினாள்.

ஏணி இரும்பு இன்னும் வெயில் சூட்டோடு இருந்தது. ஏறினாள். துப்பட்டா கம்பியில் மாட்டியது. பிடுங்கி எறிந்தாள். கீழே பார்க்கவில்லை. நீ யாரா வேணாலும் இரு. ஒரு படி. அவரு எங்க ஆளு. ஒரு படி. தர மாட்டேன். ஒரு படி. பையில் கட்டைகள் ஒன்றோடொன்று மோதி, பல் கிட்டுவதுபோல ஒலித்தன.

உச்சி மேடையில் யாரும் இல்லை. கம்பித் தடுப்பின் அடியில் மூன்று செம்புக் கம்பிகளும் ஒழுங்காக, பக்கம் பக்கமாகக் கிடந்தன. கயிறு தடுப்பில் முடிச்சிட்டு, திறந்த வாய்க்குள் இறங்கியிருந்தது. உள்ளே கரிய வட்டம். அதிலிருந்து புளித்த வாடை சூடாக மேலே வந்தது.

"அண்ணே! மேல வாங்க! அண்ணே!"

குரல் உள்ளே சுற்றிச் சுற்றி விழுந்தது. பிறகு, அடியில், டார்ச் வெளிச்சம் ஒன்று அசைந்தது.

"ஏன்த்தா கத்துற? யாரு ஸ்க்ரூவ ஓட்டுனது? கால் விரலை உரசிருச்சு!"

"வாங்கண்ணே! இப்பவே!"

வெளிச்சம் நின்றது. "செல்வி." அவர் குரல் மாறியிருந்தது. "மேல உன் பக்கத்துல அந்தண்ணன் நிக்காருல்ல?"

"இல்லண்ணே. நான் மட்டுந்தான்."

டார்ச் வெளிச்சம் ஏணிப் பக்கம் மெல்லத் திரும்பியது.

"அப்ப எனக்கு மேல ஏணில நிக்கிறது யாரு?"

அவள் கயிற்றைப் பிடித்தாள். "ஏணிப் பக்கம் போகாதீக. கயித்தப் பிடிங்க. பாக்காதீக. என் குரலை மட்டும் கேளுங்க. வாங்க!"

இழுத்தாள். உள்ளங்கை தோல் உரிந்தது. தடுப்பில் காலை முட்டுக்கொடுத்து இழுத்தாள். அவர் சுவரை உதைத்துத் தொங்கி ஏறும் அதிர்வு கயிற்றில் வந்தது. பாதி தூரத்தில் டார்ச் கீழே விழுந்து அணைந்தது. அவர் அலறவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஒரு கை வந்தது. தலை. அவர் சட்டைக் காலரைப் பற்றி இழுத்தாள். சிவபாண்டி மேடையில் குப்புற விழுந்தார். ஒரு கால் செருப்பைக் காணோம். இடுப்பு முடிச்சை அவிழ்த்து, கயிற்றைப் பாம்பை உதறுவதுபோல வாய்க்குள் உதறினார்.

"மூஞ்சி இல்லத்தா," என்றார். "தவிடு. வெறும் தவிடு."

நாகமலைக்குப் பின்னால் கடைசி வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. கீழே லாரிகளின் பக்கம் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். மனிதக் குரல். அது எவ்வளவோ தூரத்தில் இருந்தது.

முத்துச்செல்வியின் இடது கை சைலோவின் விளிம்பில் இருந்தது. வலது கை கயிற்றில்.

கயிறு விறைத்தது.

ஓர் இழுப்பு. இரண்டாவது. மூன்றாவது.

"விட்ருத்தா." சிவபாண்டி தவழ்ந்து பின்னால் போனார். "கயித்த விட்ரு. வா, இறங்கிருவோம்."

அவள் விடவில்லை. வாய்க்குள் பார்த்தாள். ஏணியின் மேல்படிக்குக் கீழே இருட்டிலிருந்து ஒரு கை நீண்டது. தவிடு உரிந்து உரிந்து விழுந்தது. உள்ளங்கை மேலே பார்த்துத் திறந்திருந்தது. எதையோ கேட்கும் கை. அவள் சட்டைப் பைக்கு நேராக.

கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"தர மாட்டேன், மொக்கையண்ணே. உங்க உயிரு இது, எனக்குத் தெரியும். இனிமே எவனும் இந்த மோட்டார ஓட்ட மாட்டான், ஓட்ட விட மாட்டேன். ஆனா இந்த அண்ணனைத் தர மாட்டேன், இதையும் இங்க தர மாட்டேன். உள்ள இருக்கிற ஆளு வெளிய வந்து, தன் கையால வைக்கணும். அதான முறை?"

கை அசையாமல் இருந்தது. கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு விரல்கள் மெல்ல மூடின. கயிறு தளர்ந்தது.

அந்தக் கை மேலே வந்து சைலோவின் விளிம்பைப் பிடித்தது, அவள் கைக்குப் பக்கத்தில், அவள் சுண்டுவிரலைத் தொட்டுக்கொண்டு. பனிக்கட்டியின் குளிர். அவள் கையை எடுக்கவில்லை.

பிறகு இரண்டாவது கையும் வந்தது.